டேனிஷ் நாற்காலிய நம்மூர் ஆசாரிகிட்ட செஞ்சு வாங்குறது எப்படி

போன்ல ஒரு டேனிஷ், அதாவது டென்மார்க் நாட்டு நாற்காலி ஃபோட்டோவ காட்டி "அண்ணா இதே மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுங்க"ன்னு கேக்குறதுதான் எல்லாரும் பண்ற மொத தப்பு. நானும் அதத்தான் பண்ணேன். ஆசாரி அண்ணன் கண்ணாடிய ஏத்திவிட்டு பாத்துட்டு "இதுல என்ன தம்பி இருக்கு, நாலு காலு ஒரு முதுகு, வேலப்பாடே இல்லையே"ன்னாரு. ஒரு வாரத்துல ஒண்ணு வந்துச்சு, ஃபோட்டோவுல இருக்குறதுக்கும் அதுக்கும் நாலு காலு மட்டும்தான் பொருத்தம். தப்பு அவர் மேல இல்ல. ஃபோட்டோவுல அளவு இருக்காது, சட்டத்தோட கனம் தெரியாது, முதுகு எத்தன இன்ச் சாயுதுன்னு தெரியாது, அந்த நாற்காலியோட உயிரே அதுலதான் இருக்கு.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துல நாலு நாற்காலி செஞ்சு வாங்கிட்டேன், மூணு நல்லா வந்துச்சு. நான் இருக்குறது காவேரிப்பட்டணம் பக்கம், கிருஷ்ணகிரி தர்மபுரி சுத்துவட்டாரத்துல யாராவது இத முயற்சி பண்றதா இருந்தா என் காசு போன எடத்துல உங்க காசு போக வேணாம்னுதான் எழுதுறேன்.

எந்த நாற்காலிய எடுத்துக்கறது

டேனிஷ்னாலே எல்லாரும் கேக்குறது ஹான்ஸ் வெக்னரோட விஷ்போன் நாற்காலி, முதுகுல ஒய் மாதிரி கவட்டை இருக்குமே அது. 1949ல டிசைன் பண்ணது, 1950ல இருந்து கார்ல் ஹான்சன் கம்பெனி நிறுத்தாம செஞ்சுகிட்டே இருக்கு. அழகுதான், ஆனா மொத நாற்காலியாவே அத எடுக்காதீங்க. அதோட மேல் வளைவு மரத்த ஆவியில வேகவெச்சு வளைக்கிறது, பீச், ஓக் மாதிரி மரம் அதுக்கு வளைஞ்சு குடுக்கும், நம்ம தேக்கு அவ்வளவு சுலபமா குடுக்காது, நம்மூர் பட்டறையில ஆவிப்பெட்டியும் கெடையாது. ஒரு நாற்காலி முடிய நூத்துக்கு மேல வேல இருக்குன்னு அந்த கம்பெனியே சொல்லுது.

அதுக்கு பதிலா போர்கே மோகன்சன் 1947ல செஞ்ச ஜே39ன்னு ஒண்ணு இருக்கு, அத பாருங்க. நேரான உருண்ட காலு, முதுகுக்கு ஒரே ஒரு அகலப் பட்டை, கயிறு பின்னின சீட்டு, அவ்வளவுதான். எனக்கு இதோட கதை இன்னும் புடிக்கும். டென்மார்க்ல கூட்டுறவு சொசைட்டிகளோட பெரிய சங்கம் எஃப்டிபின்னு ஒண்ணு, 1942ல சாதாரண குடும்பம் வாங்குற வெலையில நல்ல மரச்சாமான் செய்யணும்னு ஃபர்னிச்சருக்குன்னு தனியா ஒரு டிசைன் பிரிவு ஆரம்பிச்சு மோகன்சன தலைவரா போட்டாங்க. நம்மூர்ல சொசைட்டின்னா பாலும் உரமும் நகைக்கடனும்தான், அங்க சொசைட்டியே நாற்காலி வித்திருக்கு. ஊர்க்காரங்க அதுக்கு மக்கள் நாற்காலின்னே பேரு வெச்சுட்டாங்க. அமெரிக்காவுல ஷேக்கர்னு ஒரு மதக்குழு ஆடம்பரமில்லாம செஞ்ச நாற்காலிகள பாத்துத்தான் மோகன்சன் இந்த வடிவத்துக்கு வந்தாரு.

இன்னொண்ணு, இவங்க யாரும் வெறும் பேப்பர்ல படம் போட்டுட்டு போன ஆளுங்க இல்ல. வெக்னர் செருப்பு தைக்கிறவர் புள்ள, 14 வயசு வாக்குல தச்சுப்பட்டறையில வேலைக்கு சேந்தவரு, பின்னாடி வாழ்நாள்ல 500க்கு மேல நாற்காலி டிசைன் பண்ணாரு. மோகன்சனும் உளி புடிச்சவருதான். கோபன்ஹேகன்ல 1927ல இருந்து 1966 வரைக்கும் வருஷா வருஷம் தச்சர் சங்கம் ஒரு கண்காட்சி நடத்துச்சு, அதுல டிசைன் பண்றவரும் தச்சரும் ஜோடி சேந்து வேல செஞ்சாங்க. ஃபின் யூல்ங்கிற டிசைனருக்கு நீல்ஸ் வோடர்ங்கிற தச்சர், வெக்னருக்கு யோஹன்னஸ் ஹான்சன்ங்கிற தச்சர். அதனால நீங்களும் அட்வான்ஸ் குடுத்துட்டு வீட்டுக்கு போயிடாம பட்டறையில ஒரு ஸ்டூல போட்டு ஒக்காருங்க, டீ வாங்கிக் குடுங்க.

அளவு

கோர கிளிண்ட்னு ஒருத்தர், கோபன்ஹேகன் அகாடமியில 1924ல ஃபர்னிச்சர் படிப்ப ஆரம்பிச்சு வெச்சவரு, பசங்கள மொதல்ல அளக்கத்தான் விட்டாராம். மனுஷன் ஒடம்பு, பழைய நாற்காலி, தட்டு, கரண்டி எல்லாத்தையும். மோகன்சனும் பின்னாடி ஒரு வீட்டுல எத்தன சட்டை இருக்கும், மடிச்சா என்ன அளவு வரும்னு கணக்கெடுத்துத்தான் அலமாரி போட்டாரு. இதுல நாம எடுத்துக்க வேண்டியது அவங்க இன்ச் கணக்க இல்ல, அளக்கற பழக்கத்த.

எங்க அம்மா நாலடி பதினோரு இன்ச். கடையில விக்கிற டைனிங் நாற்காலி பதினெட்டு இன்ச் ஒயரம், அவங்க ஒக்காந்தா குதிகால் தரையில படாது, அரமணி நேரத்துல காலு மரத்துப்போகும். அதனால வீட்டுல யார் அதிகமா ஒக்காருவாங்களோ அவங்கள ஒக்கார வெச்சு முட்டிக்கு பின்னாடி மடிப்புல இருந்து தரை வரைக்கும் டேப் புடிங்க, அதுதான் சீட்டோட முன்பக்க ஒயரம். எங்களுக்கு 16½ இன்ச் வந்துச்சு, பின்பக்கம் அர இன்ச் எறக்கி 16. அப்பாவுக்கு வேற பிரச்சன, அவரு நாற்காலியில ஒக்காந்தாலும் ஒரு கால மடக்கி மேல வெச்சுக்குவாரு, நம்ம ஆளுங்க பாதிப்பேரு அப்படித்தான். டென்மார்க்காரன் அதுக்கு கணக்கு போட்டிருக்க மாட்டான். அதனால கைப்பிடி வேணாம்னு முடிவு பண்ணி முன்பக்க அகலம் 20 இன்ச், பின்பக்கம் 17½, ஆழம் 16½ வெச்சோம். மொத்த ஒயரம் 29. முதுகு சீட்டுக்கு மேல 13 இன்ச், அந்த 13 இன்ச்சுல பின்பக்கம் 2¾ இன்ச் சாயணும். இந்த 2¾ மட்டும் விட்டுக்குடுக்காதீங்க, மொத நாற்காலியில அண்ணன் ஒரு இன்ச்சுதான் சாய்ச்சாரு, பரீட்சை எழுதுற பெஞ்சுல ஒக்காந்த மாதிரி இருந்துச்சு.

அளவு கெடச்சதும் முழு சைஸ்ல படம் போடுங்க, ஒண்ணுக்கு ஒண்ணு. அவ்வளவு பெரிய பேப்பருக்கு எங்க போறதுன்னு கேக்காதீங்க, பழைய ஃபிளெக்ஸ் பேனர் போதும். கல்யாணம் முடிஞ்சதும் கழட்டி வெச்சிருப்பாங்க, அதோட பின்பக்கம் வெள்ளையா இருக்கும், மார்க்கர் நல்லா எழுதும். பக்கவாட்டு தோற்றம் ஒண்ணு, முன் தோற்றம் ஒண்ணு, மேல இருந்து சீட்டு ஒண்ணு. அண்ணன் அத தரையில விரிச்சு அது மேலயே மரத்த வெச்சு பென்சில் குறி போட்டாரு, ஒரு எடத்துலயும் டேப் எடுக்கல. என் சித்தப்பா மகன் கல்யாண பேனர், மாப்ள சிரிச்சுகிட்டே கீழ கெடந்தாப்ல, அவர் முதுகுல நாற்காலி.

அப்புறம் ஒரு மாதிரி நாற்காலி. வெக்னர் அஞ்சுல ஒரு பங்கு சைஸ்ல குட்டி குட்டியா செஞ்சு பாப்பாரு, நமக்கு அது வேணாம், ஓசூர் கம்பெனிகள்ல இருந்து வர்ற பேக்கிங் மரத்துல முழு சைஸ்லயே ஸ்க்ரூ போட்டு ஒண்ணு கூட்டிருங்க, அர நாள் வேல. ஒரு வாரம் அதுல ஒக்காந்து சோறு திங்கணும், வர்ற சொந்தக்காரங்கள எல்லாம் ஒக்கார வெச்சு கேளுங்க. தப்ப இங்கயே கண்டுபுடிச்சா பைசா செலவில்லாம போயிடும்.

மரம்

டேனிஷ் ஃபர்னிச்சர்னா தேக்குன்னு ஒரு பேரு இருக்கு, அது நம்ம பக்கத்து மரம்தான், ரெண்டாம் ஒலகப் போருக்கு அப்புறம் சயாம், பர்மா பக்கமிருந்து கப்பல்ல போச்சு, ஃபின் யூல்தான் அத மொதல்ல பிரபலப்படுத்துனவங்கள்ல ஒருத்தரு. அவங்க சொந்த ஊர் மரம் பீச், ஓக், ஆஷ்.

நான் மொத நாற்காலிய மாமரத்துல செஞ்சேன். நம்ம ஜில்லாவுல மாந்தோப்புக்கா பஞ்சம், ஒரு தோப்பு காய்ப்பு போச்சுன்னு வெட்டினாங்க, சல்லிசா கெடச்சுது. அறுத்து ஒரு மாசம் தாவாரத்துல போட்டு வெச்சு செஞ்சோம். கார்த்திகையில செஞ்சது, பங்குனி வெயில் வந்ததும் ராத்திரி ராத்திரி டப்பு டப்புன்னு சத்தம், ஒரு சட்டம் வெடிச்சு எல்லா இணைப்பும் ஆட ஆரம்பிச்சுது. அடுத்த வருஷம் காலுக்கு கீழ மாவு மாதிரி கொட்டிக் கெடந்துச்சு, பாத்தா குண்டூசி தல அளவு ஓட்டை, வண்டு. மாமரம் கூடாதுன்னு இல்ல, நல்லா காஞ்சு மருந்து அடிச்சதா இருந்தா செய்யலாம், பச்ச மரத்துல செஞ்சது என் அவசரம்.

பலகை ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு வருஷம் நெழல்ல காயணும்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. அது சரியான்னு நீங்களே பாத்துக்க ஒரு வழி இருக்கு. அதே மரத்துல ஒரு துண்டு எடுத்து சமையக்கட்டு தராசுல எட போட்டு எழுதி வெச்சுக்கங்க, வாரா வாரம் போடுங்க, மூணு வாரம் தொடர்ந்து எட மாறலன்னா காஞ்சிருச்சு. எடை எறங்கிகிட்டே இருந்தா உளிய தொடாதீங்க.

இல்லன்னா என்ன மாதிரி இடிச்ச வீட்டு மரம் தேடுங்க. பழைய ஓட்டு வீடு பிரிக்கிறப்ப வர்ற உத்திரம், கைமரம், நெலவுக்கால், அம்பது அறுவது வருஷம் கூரைக்கு கீழ காஞ்சது, அதுக்கு மேல காய ஒண்ணும் இல்ல. வைரம் பாஞ்ச பகுதியா பாத்து எடுங்க, ஓரத்துல வெளுப்பா இருக்குறத தள்ளுங்க. ஆணி இருந்தா ஒண்ணு விடாம புடுங்கிட்டு அறுவை மில்லுக்கு எடுத்துட்டு போங்க, காந்தம் ஒண்ணு வெச்சு தடவிப் பாருங்க, மில்லுக்காரர் பிளேடு போச்சுன்னா அன்னிக்கு நீங்க வாங்குற பேச்சு இருக்கே. ஒரு நாற்காலிக்கு சேதாரத்தோட முக்கால் கன அடி போதும். தோட்டத்துல நிக்கிற தேக்க வெட்டலாம்னு இருந்தா, சொந்த நெலமா இருந்தாலும் மொதல்ல விஏஓ கிட்டயும் ஃபாரஸ்ட் ஆபீஸ்லயும் கேட்டுட்டு வெட்டுங்க.

இணைப்பு

இங்கதான் ஆசாரிக்கும் எனக்கும் கொஞ்சம் தகராறு. அவரு ஆணி, ஸ்க்ரூ, ஃபெவிகால்னு போனாரு. நான் கேட்டது வேற: ஒரு மரத்துல துளை, இன்னொண்ணுல நாக்கு, ரெண்டும் கையால தள்ளுனா கஷ்டப்பட்டு உள்ள போகணும், கொட்டாப்புளியால ரெண்டு தட்டு தட்டுனா உக்காந்துரணும், சம்மட்டி அடி அடிச்சாத்தான் போகும்னா மரம் பிளக்கும், தானா நழுவி போச்சுன்னா பசை தாங்காது. இத நான் சொல்லித் தர வேண்டியதில்ல, கதவு நெலவுக்கு அவரு அப்பா காலத்துல இருந்து செய்யறதுதான், நாற்காலிக்குன்னு வந்தா மட்டும் இப்ப யாரும் கேக்குறதில்லன்னு விட்டுட்டாரு. கேட்டதும் மனுஷனுக்கு முகம் மாறிடுச்சு, பரண்ல இருந்து அவங்க அப்பாவோட அர இன்ச் உளிய எடுத்துட்டு வந்தாரு.

நாக்கோட கனம் சட்டத்துல மூணுல ஒரு பங்கு. முன் சட்டமும் பக்க சட்டமும் ஒரே ஒயரத்துல வெச்சா காலுக்குள்ள ரெண்டு நாக்கும் முட்டிக்கும், ரெண்டையும் குட்டையாக்க வேண்டி வரும், அதனால பக்க சட்டத்த அர இன்ச் ஏத்தி வெச்சோம், நாக்கு நீளமா போச்சு. சீட்டு சட்டத்தோட மேல் விளிம்ப கண்டிப்பா உருட்டணும், கூரா விட்டா கயிறு ஒரு வருஷத்துல அறுந்துரும். காலுக்கு கீழ் குறுக்கு சட்டம் நாலு பக்கமும் போடுங்க, நாற்காலிய பின்னாடி சாய்ச்சு ஆடுற ஆளுங்க எல்லா வீட்டுலயும் உண்டு.

பின்னங்கால் வளைஞ்ச மாதிரி தெரியும், வளைச்சது இல்ல, அகலமான பலகையில இருந்து அந்த வடிவத்துல அறுத்தது, விஷ்போன்ல கூட பின்னங்கால் அப்படித்தான். ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடங்குற மாதிரி குறி போட்டா ஒரே பலகையில ரெண்டு காலும் வந்துரும், மரம் மிச்சம். முதுகுப் பட்டையும் ரெண்டு இன்ச் கனத்துல இருந்து குழிவா செதுக்கி எடுக்கலாம், நடுவுல ஒரு இன்ச் குழி போதும்.

செதுக்கி முடிச்சதும் அண்ணன் ஒடஞ்ச கண்ணாடித் துண்டால சொரண்டுனாரு பாருங்க, காகிதம் மாதிரி சுருள் சுருளா வந்துச்சு, எந்த மெஷினும் அந்த வழவழப்பு தராது. அப்புறம் 120, 180, 240 உப்புத்தாள். நடுவுல ஈரத்துணியால ஒரு தடவ தொடச்சா மரத்தோட நார் எழும்பும், காஞ்சதும் 320ல லேசா தேய்ங்க. வேல முடிஞ்சுதான்னு பாக்க பழைய நூல் சேலைய எடுத்து நாற்காலி மேல எல்லா மூலையிலயும் இழுத்துப் பாருங்க. எங்க மாட்டுதோ அங்க இன்னும் வேல பாக்கி.

எண்ணெய்

பட்டறையில பளபளன்னு மெலமைன் பாலிஷ் அடிக்கலாம்பாங்க, வேண்டாம்னு உறுதியா சொல்லுங்க. கண்ணாடி மாதிரி மின்னுனா அது கல்யாண மண்டப நாற்காலி. டேனிஷ்காரங்க ஓக், பீச்சுக்கு சோப்புத் தண்ணி பூசுவாங்க, தேக்குக்கு எண்ணெய். ஹார்டுவேர் கடையில டபுள் பாய்ல்டு லின்சீட் ஆயில்னு கேளுங்க, வெறும் பச்ச ஆளிவிதை எண்ணெய் வாரக்கணக்குல காயாது. மொத கோட்டுக்கு பாதிக்கு பாதி டர்பன்டைன் கலந்து துணியால பூசி, இருவது நிமிஷம் விட்டு, மிச்சத்த வழிச்சு தொடச்சுருங்க. தொடைக்காம விட்டா பிசுபிசுன்னு தூசி ஒட்டி அசிங்கமாயிடும். ஒரு நாள் விட்டு அடுத்தது, மொத்தம் மூணு தடவ.

தொடச்ச துணிய சுருட்டி மூலையில போடாதீங்க, சீரியஸா சொல்றேன். லின்சீட் எண்ணெய் காயும்போது சூடு கெளம்பும், சுருட்டின துணிக்குள்ள அந்த சூடு தங்கி தானா தீப்புடிக்கும். மரத்தூள் கெடக்குற பட்டறையில என்ன ஆகும்னு நெனச்சுக்கங்க. விரிச்சு கொடியில காயப்போடுங்க, இல்லன்னா தண்ணி வாளியில முக்கி வைங்க.

சீட்டு பின்றது

அங்க இதுக்கு காகிதக் கயிறு. காகிதம்னதும் சிரிக்காதீங்க, பிரவுன் கிராஃப்ட் பேப்பர முறுக்கி மூணு புரியா திரிச்சது, வருஷக்கணக்குல ஒழைக்கும். விஷ்போன் ஒரு சீட்டுக்கு ஏறக்கொறைய 120 மீட்டர் போகுது, கைதேர்ந்த ஆள் ஒரு மணி நேரத்துல பின்னிருவாராம். எனக்கு மொத சீட்டுக்கு ரெண்டு நாள் ஆச்சு, ரெண்டு சுண்டுவெரலும் கொப்புளம்.

ஆன்லைன்ல வெளிநாட்டு கயிறு கெடைக்குது, வெலை அதிகம், ஒரு நாற்காலிக்கு வாங்கிப் பாத்தேன், அருமை. மத்ததுக்கு போச்சம்பள்ளி சந்தையில கயிறு விக்கிறவர்கிட்ட கெட்டியா முறுக்கின 4 எம்எம் நூல்கயிறு சீட்டுக்கு 140 மீட்டர் வாங்குனேன். தென்னங்கயிறு தொடைய குத்தும், நைலான் வழுக்கும், வெயில்ல சூடாகும். நூல்கயிறுல ஒரு கோளாறு, இழுபடும், ஆறு மாசத்துல சீட்டு தொட்டில் ஆயிடும். அதனால பின்றதுக்கு முன்னாடி ரெண்டு மரத்துக்கு நடுவுல விறைப்பா இழுத்துக்கட்டி ராத்திரி முழுக்க விடுங்க, காலையில தொளதொளன்னு தொங்கும், திரும்ப இழுத்துக்கட்டுங்க.

பின்னல் கயித்துக்கட்டில் மாதிரி இல்ல, தபால் கவரோட பின்பக்கம் மாதிரி நாலு முக்கோணம் நடுவுல சேரும். முன் சட்டம் பின் சட்டத்த விட 2½ இன்ச் அகலம், அதனால மொதல்ல முன் மூலை ரெண்டையும் மட்டும் ரொப்பணும். இடது பக்க சட்டத்தோட உள்பக்கம் கயித்து நுனிய ஆணி அடிச்சு, முன் சட்டத்துக்கு மேல போட்டு, கீழ சுத்தி, உள்பக்கமா மேல வந்து, இடது சட்டத்துக்கு மேல போட்டு கீழ சுத்தி, நேரா வலது சட்டத்துக்கு கொண்டுபோய் அதுக்கு மேல போட்டு, கீழ சுத்தி, உள்ள வந்து, முன் சட்டத்தோட வலது மூலைக்கு மேல போட்டு கீழ சுத்தி வலது சட்டத்துல ஆணி. எனக்கு இப்படி 8 சுத்து வந்துச்சு. முன்பக்க இடைவெளியும் பின்பக்க இடைவெளியும் சமமானதும் முழு சுத்து ஆரம்பம், முன் வலது மூலைய முடிச்சதும் ஆணி அடிக்காம அப்படியே பின் சட்டத்துக்கு போய் அங்க ரெண்டு மூலையிலயும் அதே மாதிரி, திரும்ப முன் இடது மூலைக்கு. மூலைக்கு மூலை ஒரே மொறைதான், ஒரு சட்டத்துக்கு மேல, கீழ, உள்ள, அடுத்த சட்டத்துக்கு மேல.

அஞ்சாறு சுத்துக்கு ஒரு தடவ கட்டைய வெச்சு தட்டி நெருக்குங்க, மூலைமட்டம் வெச்சு பாருங்க, ஒரு மூலை கோணிச்சுன்னா கடைசியில நடுக்கோடு வளைஞ்சு நிக்கும், பிரிக்கிறதத் தவிர வேற வழியே இல்ல. பத்து மீட்டர் பத்து மீட்டரா வெட்டி வேல செய்யுங்க, முடிச்சு அடிப்பக்கம் மறையணும். பக்க சட்டம் நெறஞ்சதுக்கு அப்புறம் நடுவுல ஒரு சந்து மிஞ்சும், அத முன் சட்டத்துக்கும் பின் சட்டத்துக்கும் நடுவுல 8 வடிவத்துல கயிற சுத்தி அடைச்சுருங்க. காகிதக் கயிறா இருந்தா ஈரத்துணிக்குள்ள கொஞ்ச நேரம் சுத்தி வெச்சு பின்னுங்க, காஞ்சதும் தானா விறைக்கும்.

கொழம்பு கொட்டுனா ஒடனே ஈரத்துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. எண்ணெய் வருஷத்துக்கு ஒரு தடவ, சித்திரை வெயில் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி.

மொத நல்ல நாற்காலிக்கு அண்ணன் ஆறு நாள் எடுத்துக்கிட்டாரு, அடுத்தது மூணே நாள். கூலிய நாள் கணக்குல பேசாம நாற்காலிக்கு இவ்வளவுன்னு பேசிக்கங்க, ஆனா மொத நாற்காலிக்கு மட்டும் நாள் கூலி குடுங்க, அவசரப்படுத்தினா மாமர நாற்காலிதான் வரும். ஃபிளெக்ஸ் படம் என் வீட்டுல சுருட்டி வெச்சிருக்கேன், இந்தப் பக்கம் இருக்குறவங்க வந்து அளவு எடுத்துக்கலாம். ஞாயித்துக்கெழம மட்டும் வேணாம், சந்தைக்கு போயிருப்பேன்.